சொல்லத் தயங்கும் நம்பிக்கை

சில வாரங்களுக்கு முன் அம்பத்தூரில் உள்ள என் வீட்டுக்கு முன்னாள் மாணவர் ஒருவர் வந்தார். ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பொருளாதாரம் பயின்றவர். இப்போது தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறார். ஆவடிக்கு அருகே உள்ள ஒரு சிறிய ஜெபக்கூடத்துக்குக் குடும்பத்தோடு பத்து ஆண்டுகளாகச் சென்று வருகிறார். இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. அவருடைய சாதிச் சான்றிதழில் 'இந்து - ஆதிதிராவிடர்' என்று இருக்கிறது. மகள் பிளஸ் 2 படிக்கிறாள்.

'சார், ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு சபையில் சாட்சி சொல்லுங்கள் என்று போதகர் கேட்கிறார். வாயைத் திறந்தால் பெண்ணின் சான்றிதழ் என்னாகும் என்று பயமாக இருக்கிறது. திறக்காமலே இருந்தால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை' என்றார்.

பொருளாதார வகுப்பில் 'வாய்ப்புச் செலவு' என்ற கருத்தை முதல் வாரத்திலேயே கற்பிப்போம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுகிற மற்றொன்றின் மதிப்பே அது. 34 ஆண்டுகள் அதைக் கரும்பலகையில் எழுதியவன் நான். மனசாட்சிக்கும் அப்படியொரு செலவுக்கணக்கு உண்டு என்பதை அன்று அந்த மாணவர் எனக்குக் கற்பித்தார்.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் பிறப்பால் கிறிஸ்தவன். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன். என் மதத்தால் என் சான்றிதழுக்கு எந்த ஆபத்தும் வந்ததில்லை. ஆனாலும், பணிக்காலம் முழுவதும் என் நம்பிக்கையைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் இருக்கையில் 20 ஆண்டுகள் அமர்ந்திருந்த நண்பர், தம் மனைவியை இழந்த சில நாள்களுக்குப் பின் ஒரு மாலையில், 'மரணத்துக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று நீங்கள் நம்புகிறீர்கள்?' என்று கேட்டார். அவர் விவாதத்துக்காகக் கேட்கவில்லை. நானோ, பணிப் பதிவேட்டில் வாரிசுப் பெயரை மாற்றுவது பற்றிப் பேசி, பேச்சைத் திசை திருப்பிவிட்டேன்.

அன்று என்னைத் தடுத்த சட்டம் ஏதுமில்லை. 'மதம் பரப்புகிறார்' என்ற பெயர் வந்துவிடுமோ என்ற தயக்கம் மட்டுமே தடுத்தது. அந்தத் தயக்கத்தை நாகரிகம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பிறர் மனம் புண்படாமல் இருக்க வாய்மூடி இருப்பது ஒன்று. தனக்கு இழப்பு வந்துவிடக் கூடாது என்று வாய்மூடி இருப்பது வேறொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இன்று நாட்டில் நடக்கும் மதமாற்ற விவாதங்களில் நாம் கவனிக்கத் தவறுவது இந்த வேறுபாட்டைத்தான்.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, மனசாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தை வெளிப்படையாக ஏற்கவும், பின்பற்றவும், பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லோருக்கும் அளிக்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது அந்த உரிமை. இதில் 'பரப்ப' என்ற சொல் எளிதாக இடம்பெற்றுவிடவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதன் மீது விவாதம் நடந்தபோது, அந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்று ஒடிசாவைச் சேர்ந்த லோகநாத் மிஸ்ரா வாதிட்டார்.

அதற்கு மறுமொழி சொன்னவர்களில் ஒருவர் நம் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சுமார் 14 ஆண்டுகள் தாம் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் பயின்றதாகவும், தம்மை மதம் மாற்ற அங்கே யாரும் முயன்றதில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். இந்த உரிமை எந்த ஒரு சமூகத்துக்கும் தனியாக வழங்கப்படுவதில்லை. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் உள்ளதுபோலவே இந்துக்களுக்கும் சுத்தி இயக்கம் நடத்தும் ஆரிய சமாஜத்தாருக்கும் இது உண்டு என்பது அவருடைய வாதம். வைணவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர், பிற சமயத்தவர் தம் நம்பிக்கையைப் பேசும் உரிமைக்காக வாதிட்டார். துணிவு என்பதற்கு நான் அறிந்த நல்ல எடுத்துக்காட்டுகளில் அதுவும் ஒன்று.

பின்னர் நீதிமன்றம் அந்தச் சொல்லுக்கு எல்லை வகுத்தது. ஒடிசா 1967-லும் மத்தியப் பிரதேசம் 1968-லும் இயற்றிய மதமாற்றத் தடைச் சட்டங்களை எதிர்த்த வழக்கில், 1977-இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பாதிரியார் ஸ்டனிஸ்லாஸ் வழக்கு என்று அறியப்படும் அதில், தன் மதத்தின் கொள்கைகளை எடுத்துரைத்துப் பரப்பும் உரிமை உண்டு. பிறரைத் தன் மதத்துக்கு மாற்றும் உரிமை என்று தனியாக ஒன்று கிடையாது என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பின் மீது விமர்சனங்கள் உண்டு. எனினும், எடுத்துரைக்கும் உரிமையை அதுகூட மறுக்கவில்லை.

தமிழகத்துக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. 2002 அக்டோபரில் அன்றைய அதிமுக அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்து, அதே மாதம் பேரவையிலும் நிறைவேற்றியது. மூன்று ஆண்டுகள் வரை சிறை. மாற்றப்பட்டவர் சிறார், பெண், தாழ்த்தப்பட்டவர் அல்லது பழங்குடியினர் என்றால் நான்கு ஆண்டுகள் வரை சிறை. பணமும் பொருளும் மட்டுமன்றி எந்தப் பொருளாதார நன்மையும் 'ஆசை காட்டுதல்' ஆயிற்று. தெய்வத்தின் கோபம் வரும் என்று சொல்வதுகூட 'கட்டாயம்' என்பதன் விளக்கத்துக்குள் வந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின், அதே அரசே அச்சட்டத்தைத் திரும்பப் பெற்றது.

நாட்டின் பிற பகுதிகள் எதிர்த் திசையில் செல்கின்றன. பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று இத்தகைய சட்டங்கள் உள்ளன. உத்தரப் பிரதேசத்தில் 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். அந்த மாநிலத்தின் ஃபதேபூர் மாவட்டத்தில் பதிவான பல முதல் தகவல் அறிக்கைகளை உச்சநீதிமன்றம் 2025 அக்டோபரில் ரத்து செய்தது. அப்பாவிகளைத் துன்புறுத்தும் கருவியாகக் குற்றவியல் சட்டம் ஆகிவிடக் கூடாது என்று அது எச்சரித்தது. ரத்து செய்யப்படும் வரை குற்றம்சாட்டப்பட்டவர்கள் நீதிமன்றப் படிகளில் கழித்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

இச்சட்டங்களின் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். வறுமையைப் பயன்படுத்தி ஒருவரின் வழிபாட்டை விலைக்கு வாங்குவது இழிவானது. அதை எந்தச் சமயத்தவர் செய்தாலும் கண்டிக்க வேண்டும். ஆனால் ஏமாற்றுதலையும் மிரட்டலையும் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவுகள் இருந்தன. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கின்றன. புதிய சட்டங்கள் கூடுதலாகச் சேர்ப்பது ஓர் அனுமானத்தை: ஏழையும் பெண்ணும் தாழ்த்தப்பட்டவரும் தமக்கு எது உண்மை என்று தாமே தீர்மானிக்க இயலாதவர்கள் என்ற அனுமானம் அது. வாக்குச் சாவடியில் அவர்களுடைய அறிவை நம்புகிறோம். வழிபாட்டில் மட்டும் நம்ப மறுக்கிறோம்.

'ஆசை காட்டுதல்' என்ற சொல்லைப் பொருளாதாரக் கண்ணோடு பார்த்தால் வேறொன்றும் புலப்படும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயம் அல்லாத வேறு மதத்தை வெளிப்படையாக ஏற்பவரைப் பட்டியல் சாதியினராகக் கருதக் கூடாது என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் அதற்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே இருக்கிறார்கள். ஆக, ஒரு மதத்தில் தங்குவதற்கு நன்மையும் அதிலிருந்து வெளியேறுவதற்கு இழப்பும் என்ற ஏற்பாட்டை 75 ஆண்டுகளாக நடத்திவருவது அரசேதான்.

அந்த இழப்பு எவ்வளவு? தமிழகத்தில் ஆதிதிராவிடர்களிலிருந்து கிறிஸ்தவராக மாறியோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். எனவே 18% ஒதுக்கீட்டிலிருந்து விலகி, வேறொரு பெரும் போட்டிக்குள் செல்ல வேண்டும். பட்டியல் சாதியினருக்கான உதவித்தொகைத் திட்டங்கள் மாறும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். எங்கள் பகுதியில் உள்ள பூவிருந்தவல்லி தனித் தொகுதி. அங்கே வாழும் ஓர் ஆதிதிராவிடர் தம்மைக் கிறிஸ்தவர் என்று அறிவித்துவிட்டால், சொந்த ஊரின் சட்டப்பேரவை இடத்துக்கு அவர் போட்டியிட முடியாது. அவரைச் சேரியில் ஒதுக்கி வைத்தவர்களோ, ஞானஸ்நானத்துக்குப் பின் அவரை ஊர்த்தெருவுக்கு அழைத்துக்கொள்வதில்லை.

இதில் மிக நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பௌத்தம் தழுவிய நாகபுரிப் பகுதி வேட்பாளர் ஒருவரின் தேர்தல் வழக்கில் 1960-களில் உச்சநீதிமன்றம் இந்த ஆணைக்கு விளக்கம் தந்தது. மதத்தை ஏற்பது என்றால், தொடர்புடையவர்கள் அறியும்படி அதை வெளிப்படையாக அறிவிப்பது என்பதே பொருள் என்றது. அதாவது, இழப்பைக் கொண்டுவருவது உள்ளத்தில் நம்புவதல்ல, வாயால் சொல்வதே. என் மாணவரின் அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. நமது நாட்டில் நேர்மையாகப் பேசுவதற்குச் சிலர் மட்டும் வரி செலுத்த வேண்டியிருக்கிறது.

2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த புதுச்சேரி வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்று, தேவாலயத்துக்குத் தவறாமல் சென்றுவந்த ஒரு பெண், அரசு எழுத்தர் பணிக்காகத் தம்மை இந்துவாகக் காட்டிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரினார். உண்மையான நம்பிக்கை இல்லாமல், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்புச் சட்டத்துக்கே இழைக்கும் மோசடி என்று நீதிமன்றம் கூறியது. சட்டப்படி அது சரியான முடிவாக இருக்கலாம். பொய்ச் சான்றிதழை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் உண்மை சொல்பவரை ஏழையாக்கி, மறைப்பவரை வாழவிடும் ஓர் ஏற்பாட்டில், மறைப்பவரை மட்டும் குற்றவாளியாக்குவது முழு நீதி ஆகாது.

இந்த நிலை புள்ளிவிவரங்களையும் பாதிக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிறிஸ்தவர்களின் பங்கு 2001-இல் 2.34%, 2011-இல் 2.30%. தமிழகத்தில் 6.07% என்பது 6.12% ஆயிற்று. பெருமளவு மதமாற்றம் நடக்கிறது என்ற குரலுக்கு இந்த எண்கள் ஆதாரம் தரவில்லை. எண்ணில் வராமல் மறைந்திருப்பவர்கள் பலர் என்று சிலர் பதில் சொல்வார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், அவர்களை மறைந்திருக்கச் செய்தது எது என்ற கேள்வியையும் அவர்கள் கேட்டாக வேண்டும்.

நம்பிக்கையைப் பிறருக்குச் சொல்வது அயல்நாட்டுப் பழக்கம் என்ற கருத்து பரவலாக உள்ளது. பரங்கிமலையையும் பூவிருந்தவல்லியையும் இணைக்கும் சாலையில் நான் பல ஆண்டுகள் பேருந்தில் சென்றிருக்கிறேன். அதன் ஒரு முனை, இயேசுவின் சீடர் தோமா உயிர்நீத்ததாக மரபு கூறும் குன்று. மறுமுனை, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். அந்தணர் அல்லாத அந்த அடியாரைக் குருவாகப் போற்றியவர், அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசர். குரு ரகசியமாகத் தந்த திருமந்திரத்தை, தனக்கு நரகமே வாய்த்தாலும் பரவாயில்லை என்று திருக்கோஷ்டியூரில் ஊரறிய உரைத்தவர் அவர் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பெற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், இழப்பை ஏற்றுப் பிறருக்குச் சொல்லும் துணிவுக்கு இதைவிட நம் மண்ணுக்குரிய சான்று வேறென்ன வேண்டும்?

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கப் பணியில் துணைநின்றவர் நாவலர். பின்னர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார், பள்ளி அமைத்தார், அச்சகம் நிறுவினார். மிஷனரிகளை வாயடைக்கச் சட்டம் கேட்பதைவிட, அவர்களுடைய வழிமுறைகளைக் கொண்டே தம் சமயத்தை எடுத்துரைப்பதில் அவர் உழைப்பு சென்றது. அந்தப் போட்டியில் சைவம் வலிமை பெற்றது; தமிழ் உரைநடையும் வளம் பெற்றது. கடவுள் இல்லை என்று தெருமுனையில் நின்று பெரியார் பேசியதும் இதே பேச்சுரிமையின் மேல்தான். ஒருவரின் வாயை அடைக்கும் பூட்டு, நாளை மற்றவர் வாய்க்கும் பொருந்தும்.

என் சமூகத்தாரிடமும் சில சொற்கள் சொல்ல வேண்டும். துணிவு என்பதைச் சத்தம் என்று நம்மில் சிலர் எண்ணிவிட்டோம். குடியிருப்புகளுக்கு நடுவே ஒலிபெருக்கி வைத்துப் பின்னிரவு வரை ஜெபிப்பது சாட்சியாகாது. தேர்வுக்குப் படிக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது தொந்தரவு. பிறர் வணங்கும் தெய்வங்களை இழித்துப் பேசுவதும், மருத்துவமனைக்குப் போக வேண்டியவரைச் சுகமளிக்கும் கூட்டத்துக்கு அழைப்பதும் நற்செய்தி ஆகாது. பசித்தவருக்கு உணவு தரும்போது துண்டுப் பிரசுரத்தைச் சேர்த்துத் தந்தால், அவர் உணவை வாங்கினாரா, கொள்கையை வாங்கினாரா என்று தந்தவருக்கே தெரியாது. உதவியும் உபதேசமும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பதைச் சபைகள் தமக்குத் தாமே விதியாக்கிக்கொள்ள வேண்டும்.

அதைவிடக் கடினமான துணிவு ஒன்று வீட்டுக்குள்ளேயே தேவைப்படுகிறது. கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று மேடையில் சொல்கிறோம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதியின் பெயரால் எழுந்த சுவர் நம்முடையது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியர் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மோதல் மூண்டு, காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததும் நம் திருச்சபைக்குள் நடந்ததே. தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டு தில்லிக்கு மனு அனுப்பும் நாம், மதம் மாறியும் சாதி மாறவில்லை என்பதற்கு நம் கல்லறைகளையே சான்றாகக் காட்ட வேண்டியிருக்கிறது. இதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாதவரிடம் பிறர் எதைக் கேட்பார்கள்?

இனிச் செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. மதத்திலிருந்து பட்டியல் சாதித் தகுதியைப் பிரிக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே பரிந்துரைத்தது. தமிழக சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தலித் கிறிஸ்தவர்களுக்கு அத்தகுதியை வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது. ஆணையங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தலைமுறைகள் காத்துக்கொண்டே இருக்கின்றன. இப்போதுள்ள பட்டியல் சாதியினரின் பங்கு குறைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஒதுக்கீட்டு அளவை அதற்கேற்ப மாற்றுவது குறித்து நாடாளுமன்றம் வெளிப்படையாக விவாதிக்கட்டும். தமிழகமும் 2002-ஆம் ஆண்டுப் பாதைக்கு மீண்டும் திரும்பிவிடக் கூடாது.

ஆனால் எந்தச் சட்டத் திருத்தமும் தர முடியாத ஒன்று உண்டு. பல சமயத்தார் வாழும் எங்கள் புறநகரில், பொங்கலுக்குப் பொங்கலும் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் ரம்ஜானுக்குப் பிரியாணியும் வீடு வீடாகப் பரிமாறிக்கொள்கிறோம். இது நல்ல பழக்கம்தான். எனினும், எதை நம்பி வாழ்கிறோம் என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் கேட்டதில்லை. பேசாமல் இருப்பதையே நல்லிணக்கம் என்று கொண்டாடுகிறோம். அதனால்தான் ஒரு வதந்தி வந்தவுடன் அது நொறுங்கிப்போகிறது. அண்டை வீட்டாரின் நம்பிக்கையை அவர் வாயால் கேட்டறியாதவர், அதை வாட்ஸ்ஆப்பில் பார்த்து அறிந்துகொள்கிறார்.

அந்த மாணவருக்கு நான் என்ன சொன்னேன்? ஞானஸ்நானம் பெறுவது அவருடைய முடிவு. மகளின் எதிர்காலத்தில் அவளுக்கும் ஒரு குரல் உண்டு. முதலில் அவளிடம் பேசுங்கள் என்றேன். பெற்ற பின் சான்றிதழில் பொய் சொல்லாதீர்கள் என்றேன். துணிந்து சொல்லுங்கள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. விலை கொடுக்கப்போவது அவர். அதை உபதேசிக்கும் உரிமை விலை கொடுக்காத எனக்கு இல்லை.

அவர் சென்ற மறுநாள், திருமுல்லைவாயிலில் வசிக்கும் என் பழைய நண்பரைப் பார்க்கப் போனேன். 11 ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்வியை நினைவூட்டி, அன்று நான் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்பதை ஒரு வாக்கியமாகச் சொல்லி முடிக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் மாசிலாமணீசுவரர் கோயிலில் மனைவியை நினைத்து விளக்கேற்றுவதைப் பற்றிச் சொன்னார். அதை நானும் முழுவதும் கேட்டேன். அவர் கிறிஸ்தவராகவில்லை, நான் சைவனாகவும் இல்லை. வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, 'இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே' என்றார்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).